நூற்றெட்டில் முடிந்த விலாசம்

இஞ்சேருங்கோ,

உங்கள் லப்டொப் பையைத் திறந்தால் இன்னும் சந்தன வாசம்தான் வருகிறது. வாணி விழாவுக்கு நான் மூடியில் வைத்த பொட்டு காய்ந்து, பாதி உதிர்ந்து, பையின் மூலைக்குள் கிடக்கிறது. "மெசினுக்கும் காய்ச்சலே, சந்தனம் பூசுறீர்?" என்று கேட்டீர்கள். கேட்டீர்களே தவிர, அந்தப் பொட்டை ஒருநாளும் துடைக்கவில்லை.

நேற்று உங்கள் ஆட்டைத் திவசம். நீங்கள் போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் தங்கச்சியிடம் சொல்லலாம்தான். அவள் எல்லாவற்றையும் கூடநின்று பார்த்தவள், என் கதையைக் கேட்டுக் கேட்டே காது புளித்துப்போனவள்.

திருகோணமலையில், அந்தத் தங்கச்சி, என் மச்சாள் வீட்டிலேயே திவசம் செய்வது என்று முடிவெடுத்தோம். மகனுக்குக் கட்டாரில் லீவு கிடைக்கவில்லை. அங்கிருந்தே முகம் காட்டி, உங்கள் பெயரைத் தன் வாயால் சொல்வதாக ஏற்பாடு. எனக்கும் மச்சாளுக்கும் இருப்பது பட்டன் போன். முகம் காட்டக்கூடியது உங்கள் லப்டொப் மட்டும்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு, பாலம் வருகிற இடமெல்லாம் கோணேசரைக் கூப்பிட்டபடி கட்டைபறிச்சானிலிருந்து பஸ்ஸில் போனேன்.

அங்கே போய்த் திறந்தால் அது மறுக்கிறது. மச்சாள் வீட்டு வைஃபையின் பெயரைக் காட்டுகிறது, பாஸ்வேர்டையும் வாங்குகிறது, பிறகு இணையம் இல்லை என்கிறது.

"போன்ல குரல் கேட்டாப் போதாதோ, ஐயா?" என்று திவசம் செய்ய வந்த ஐயரைக் கேட்டேன்.

"பிண்டத்தைப் பாத்துத்தான் பிள்ளை சொல்லோணும், அம்மா. எனக்கு இன்னொரு வீடும் கிடக்கு. கொஞ்சம் பாப்பம். ஏலாட்டி நான் தொடங்கிறன்."

எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அங்கேயும் இது இப்படித்தான் நின்றது. மகனைப் பார்க்கவென்று வாட்டுக்குக் கொண்டுவந்தோம், காட்டவேயில்லை. நீங்கள் சிரித்தீர்கள். "இதுவும் உம்மைப்போலத்தான். வீட்டை விட்டா வேற இடம் பிடிக்காது." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "என்னை வீட்ட கொண்டு போம்" என்றீர்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்த டாக்டரும் மறிக்கவில்லை. உங்களைக் கதிரையில் இருத்தி மூடியைத் திறந்ததுதான், மகன் வந்துவிட்டான். "சாப்பிட்டியே?" என்று கேட்டீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அவன்தான் அழுதான்.

நேற்று மகன் மச்சாளின் போனுக்குக் கோல் எடுத்து வழி சொன்னான். கண்ணாடி போட்டும் எனக்குச் சின்ன எழுத்துத் தெரியாது. மச்சாள் வாசித்தாள்.

"மாமி, விலாசம் எண்டு இருக்கிற இடத்தில என்ன கிடக்கு?"

"நம்பர் கிடக்கு. தேர்க்கயிறு மாதிரி நீளம். கடைசியில நூத்தெட்டு."

"நூத்தெட்டோ?" என்றான் மகன்.

உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் இணைப்பு அடிக்கடி அறுந்துகொண்டிருந்த காலம். மாறாத நம்பர் ஒன்றைப் பதிந்தால் சரிவரும் என்று மகன்தான் சொல்லித் தந்தான். முன்பக்க இலக்கங்களை அவன் சொன்னான். கடைசிக்கு, "விரும்பினதைப் போடுங்கோ, அப்பா" என்றான். நீங்கள் குசினிப் பக்கம் திரும்பினீர்கள். "இஞ்சேரும், ஒரு நம்பர் சொல்லும்." தேங்காய் துருவிக்கொண்டிருந்தாலும், தினமும் நூற்றெட்டுப் போற்றி சொல்கிற எனக்கு வேறென்ன வாயில் வரும்?

"விளங்குது, அம்மா" என்றான் மகன். "எங்க போனாலும் அது எங்கட வீட்டு விலாசத்தைத்தான் சொல்லுது. மற்ற இடத்தில அது செல்லாது. எனக்கும் மறந்துபோச்சு. அதை எடுத்திட்டு, தானா எடுக்கிற மாதிரி மாத்துங்கோ. போற இடத்தில அதுவே ஒரு நம்பர் வாங்கும்."

"மாத்தினா அப்பா போட்டது அழிஞ்சிடுமே?"

"ஓம், அம்மா."

என் கை நின்றுவிட்டது. நீங்கள் ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்திய இலக்கங்கள் அல்லவா. ஆஸ்பத்திரியில் மகனை மறித்ததும் அந்த நூற்றெட்டுத்தான். உங்களை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் அதுதான். அதில் எதற்கு அழுவது, எதற்குக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணை என்ன, அந்த நம்பருக்குள்ளயே குடியிருக்கிறார்? ஐயர் எழும்பப் போறார். அமத்தும், மச்சாள்!" என்று உங்கள் தங்கச்சி சத்தம் போட்டாள். சத்தம் போட்டுவிட்டுத் தானே மூக்கை உறிஞ்சினாள்.

மச்சாள் காட்டிய இடத்தில் அமத்தினேன்.

மகன் திரையில் வந்தான். தான் தங்கும் அறையில், நாலைந்து கட்டில்களுக்கு நடுவே, சட்டை கழற்றி, திருநீறு பூசி இருந்தான். உங்கள் காதோரம் நரைத்த மாதிரியே அவனுக்கும் நரை தொடங்கிவிட்டது. திரையைப் பிண்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். உங்கள் அப்பாவின் பெயரும் அவருடைய அப்பாவின் பெயரும் அவன் வாயில் தெளிவாக வந்தன. உங்கள் பெயர்தான் தடக்கியது. வேறு வீட்டுக்குப் போகவேண்டிய ஐயர், அந்த நேரம் மட்டும் அவசரப்படுத்தவில்லை.

இன்று நம் வீட்டுக்கு வந்து திறந்தேன். இங்கேயும் கேள்வி இல்லாமல் இணைந்தது. பழைய நம்பரை நான் மறுபடி போடவில்லை. மாதம் ஒருதரமாவது இந்தப் பையோடு வந்து நிற்கச் சொல்லி மச்சாள் கட்டளை. போகத்தான் போகிறேன். பொட்டு உதிர்ந்த இடத்தில் புதுச் சந்தனமும் வைத்துவிட்டேன்.

ஆனால் காலையில் போற்றி சொல்லும்போது, நூற்றெட்டாவது வந்ததும் என் வாய் கொஞ்சம் நிற்கிறது. நீங்கள் குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சேரும், ஒரு நம்பர் சொல்லும்" என்று கேட்கிற நேரம் அது. சொல்லிவிட்டுத்தான் விளக்கை விட்டு எழும்புகிறேன்.