காக்கா தொடாத இலை

ஏனுங்க, உங்க பூநாரையப் பாத்துப்போட்டு வந்துட்டேனுங்க. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. இருந்தாலும் உங்ககிட்டச் சொல்லாம படுத்தா கண்ணு மூடாதுன்னு எழுதறேன்.

நீங்க போனதுல இருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் மொட்டைமாடியில இலை போட்டுச் சோறு வெக்கறேன். அங்கயே நின்னு காத்துக் கெடக்கறேன். ஒரு காக்காயும் தொடமாட்டேங்குது. காஞ்ச சோத்தை நானே அள்ளிப் போடறேன். எதுத்த ஊட்டு அக்கா, "அவருக்கு ஏதோ ஆசை பாக்கி நிக்குது அம்மணி"ன்னு சொல்லிப்போட்டாங்க. அன்னைக்குப் போன தூக்கந்தானுங்க.

என்ன ஆசைன்னு ரோசிச்சுப் பாத்தேன். டிவியில கோடியக்கரையக் காட்டறப்பல்லாம், "ஒருக்கா போயி அந்தப் பூநாரையப் பாக்கோணும்"பீங்க. "நம்ம ஊட்டுக் கோழியப் பாருங்க, போதும்"பேன் நான். அதுவா இருக்குமோன்னு தோணுச்சு.

எங்கண்ணன் மக கவிதா, பறவை பாக்கற கூட்டத்தோட வேன்ல அங்க போறேன்னா. "தை அமாவாசை அத்தை, நீங்களும் வாங்க, கடல்ல முழுகிக்கலாம்"னா. அவிநாசியப்பருக்கு ஒரு வெளக்கு ஏத்திப்போட்டுக் கெளம்பிட்டேன்.

கடலாங்க அது? அலையே இல்லாம நம்ம கொளத்தாட்டம் கெடக்குது. முழுகி எந்திரிச்சு, உப்பளத்தத் தாண்டிக் கூட்டிட்டுப் போனா. தூரத்துல ஆரோ ரோஸ் துணிய அலசிக் காயப்போட்டாப்பல இருந்துச்சு. பைனாக்குலரக் கண்ணுல வெச்சா, அத்தனையும் பூநாரைங்க. தலையச் சேத்துக்குள்ள உட்டு மேஞ்சுட்டே இருக்குது, ஒண்ணும் நிமுந்து பாக்கல. உங்களுக்கும் சேத்து நெம்ப நேரம் பாத்தேனுங்க.

சரி, ஆசை தீந்துதுன்னு கரையில இலை போட்டு எள்ளுஞ்சோறும் தயிரும் வெச்சேன். ஊரெல்லாம் பறவை, என் இலைக்கு ஒண்ணு வரல. வெயில் ஏறுது, இலைக்குப் பக்கத்துலயே நின்னு கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டை கட்டிப்போச்சு.

கருவாடு காயப்போட்டுட்டிருந்த அம்மா ஒருத்தி, "எங்க ஊரு காக்கா தயிர்சோத்தைச் சீண்டாதும்மா. ஒரு கருவாட்டைப் பக்கத்துல வையி, உன் மாமனார் மாமியாரு வரைக்கும் வந்துருவாங்க"ன்னா.

"அமாவாசையும் அதுவுமா என்னங்க பேச்சு இது? எங்கூட்டுக்காரரு கருவாடு மோந்தாவே ஓடிப்போயிருவாரு"ன்னேன்.

"அதான் வரலை. ஊரே நாறுதே"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதோடயே அழுகையும் வந்துருச்சுங்க. அவ எந்திரிச்சு வந்து ஒரு சொம்புத் தண்ணி குடுத்தா.

வேன்காரரு ஆரன் அடிச்சுட்டே இருந்தாரு. இலைய அப்பிடியே உட்டுப்போட்டு வந்துட்டேன். வழி நெடுக கவிதா தோள்ல சாஞ்சுட்டு அதே நெனப்பு. இன்னும் என்னங்க கொறை உங்களுக்கு? சோத்துல உப்புப் பத்தலையா? எம்மேல கோவமா? ஆருகிட்டப் போயி நான் கேக்கறது?

எனக்குச் சலிச்சுப்போச்சுங்க. ஆனாலும் அடுத்த அமாவாசைக்கும் வெப்பேன். தொட்டாலும் தொடாட்டியும், என் கையி காலு ஓடற வரைக்கும் வெப்பேனுங்க.

உங்க ஊட்டுக்காரி,
சரசு

ஏனுங்க, இப்பத்தான் நெனப்பு வருது. பக்கத்துல ஆராச்சும் நின்னு பாத்தா உங்களுக்குச் சோறு எறங்காதே. தட்டத்த வெச்சதும், "நீ உள்ள போ அம்மணி"ன்னுதான் எப்பவும் சொல்லுவீங்க.