கனம் குறைஞ்ச ஃப்ளைவீல்

அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். போன்ல பேசினா கத்திருவேன், அதான் எழுதுறேன்.

நம்ம கார் எஞ்சின்ல இருந்த ஃப்ளைவீல, அதான் எஞ்சின் சுத்து நின்னுராமப் பாத்துக்குற அந்தக் கனத்த சக்கரத்தக் கழட்டிட்டு, கனம் குறைஞ்சதா ஒண்ண தம்பி அனீஸ் மாட்டிட்டானாமே! ஷார்ஜாவுல பந்தயக் காருக்கு நானே மாட்டுறேன். மிதிச்ச ஒடனே சீறும், நெசந்தான். ஆனா ஆள் ஏத்திக்கிட்டு மேடேற எடுத்தா அணைஞ்சு அணைஞ்சு போகும். பெரம்பலூர் பாலத்துல அம்மாவ எறக்கி நடக்க விட்டிருக்கான். கேட்டா, "ஆளக் கொறச்சுக்கலாம்ண்ணே"ங்கிறான்.

யாரக் கொறப்பான்? பழசையே மாட்டச் சொல்லுங்க. ரெண்டு வருசத்துக்கப்புறம் இப்பத்தான் ஊருக்கு வரேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வரணும். என் பெட்டி வேணா பஸ்ல வரட்டும். ஒரு ஆள் கொறஞ்சாலும் அந்தக் கார்ல ஏற மாட்டேன்.

வேலைக்குக் கூப்பிடுறாங்க.
சிக்கந்தர்