ஹவுளில் இல்லாத உயிர்கள்

வெள்ளி, இரவு

நுணுக்குக்காட்டியில் பார்த்த நுண்ணுயிர்களின் வால்களையும் வளைவுகளையும் வைத்து நான் வரைந்த அலங்கார எழுத்துருவை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில், கை கால் கழுவும் ஹவுள் தொட்டியருகே காட்டினேன். "எல்லாம் நம்மட ஹவுள் தண்ணியில இருக்கிற உயிர்தான்" என்று பெருமைக்குச் சொன்னேன். உண்மையில் அவை வயல் வாய்க்கால் நீரில் பார்த்தவை.

மாலை அஸர் தொழுகைக்கு ஒருவரும் ஹவுளில் கை கால் கழுவி வுழூ செய்யவில்லை. குழாயடியில் வரிசை நின்றது. பள்ளி நிருவாகத்தார், பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினாரை, ஹவுளைக் கழுவுவதில்லை என்று ஏசினார்கள்.

"கிழமைக்கு ரெண்டு தரம் கழுவுறன். பாத்த ஆள் நீங்கதானே காக்கா, சொல்லுங்களேன்" என்று மோதினார் என்னை அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

"எழுத்தப் பாருங்க, தண்ணிய விடுங்க" என்றேன்.

அந்தியில் மஃரிபுக்குப் போனபோது, மோதினார் ஹவுள் தண்ணீரை இறைத்துவிட்டுத் தனியாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வழுக்கும் காக்கா, பாத்து வாங்க" என்றார். அது வாய்க்கால் தண்ணீர் என்பதைச் சொல்லாமலே குழாயடிக்குப் போனேன்.

எழுத்துருவில் ஒரு வளைவையும் மாற்றமாட்டேன். ஆனால் விடியலில் சுபஹுக்குப் பாங்கு சொல்லி, பொய் சொன்ன என்னை எழுப்பப்போவதும் அவர்தான்.