நஞ்சுக்கொடி தடுத்தது

அக். 10, 1995. செவ்வாய்.
காலையிலிருந்து மழை. பல்கலைக்கழகப் புகுமுக ஆறாம் படிவ உயிரியல் தாள்கள் பாதி திருத்தியாயிற்று. தலைமையாசிரியர் (எனக்கு இளையவர், அந்த நாற்காலி யாருக்கு வரவேண்டியது என்பது ஊருக்கே தெரியும்) சிரித்துவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை.

மாலை பல்கலைக்கழக நூலகம். ஒரு மருத்துவ இதழ். தாய் பதறும்போது இரத்தத்தில் கார்ட்டிசோல் ஏறுகிறது. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. சிசுவுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். இரண்டு முறை படித்தேன்.

போன மாதம் வசந்தி வந்தாள். மகள் என்றும் பாராமல் வெளியே நிற்கவைத்தே கத்தினேன். ஜுரு ஊரில் தொழிற்சாலை வேலை பார்க்கிறவனைக் கட்டியதற்கு, அவன் குடும்பத்துக்கு, எல்லாவற்றுக்கும். ஆறு மாத வயிறு. வயிற்றைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனாள். அன்றிலிருந்து ஒரு பயம். இன்று கொஞ்சம் குறைந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அவர்கள் பக்கம் ஏழாம் மாதம் வளைகாப்பு செய்வார்களாம். அழைப்பு இல்லை. பெற்ற அப்பனுக்கே இல்லை.

அக். 12, வியாழன்.
பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் மருமகனின் அக்கா சரோஜா. ஒதுங்கப் பார்த்தேன்.

"மீன் வாங்குற மாதிரி நடிக்காதீங்க சார். நீங்க சைவம்னு தெரியும்லா."

வளைகாப்புக்கு ஏன் அழைக்கவில்லை என்று நேராகவே கேட்டேன்.

"நாங்க எப்படி சார் கூப்பிடறது? அது பொண்ணு வீட்டுல செய்யறது. நீங்கதான் எங்களக் கூப்பிடணும்! வீட்டுல போன் மணி அடிச்சா உங்க மக மொத ஆளா ஓடுறா. நீங்க இல்ல, வேற ஆளுன்னு தெரிஞ்சதும் மூஞ்சி தொங்கிப் போவுது."

எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்த வழக்கம் இல்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அக். 13, வெள்ளி.
வகுப்பில் மனம் இல்லை. அந்த நொதி காப்பது குழந்தையை. வசந்தியின் இரத்தத்தில் ஏறியது வசந்தியிடமே இருக்கும். அவளுக்கும் என் கத்தலுக்கும் நடுவில் எதுவும் இல்லை. செவ்வாயன்று இது தோன்றவில்லை.

வளையல் போடச் சுமங்கலிகள் வேண்டும். யாரைக் கூப்பிட?
தங்கை: வசந்தி கல்யாணத்துக்குப் போனாள் என்று பேச்சை நிறுத்தினேன்.
பக்கத்து வீட்டு அம்மா: சாக்கடைத் தகராறு.
பள்ளி ஆசிரியைகள்: ஒருவரும் இங்கே வந்ததில்லை.
மனைவி இருந்திருந்தால்.

அக். 14, சனி.
நல்ல வெயில். போன் செய்தேன். வசந்திதான் எடுத்தாள்.

"வளைகாப்பை இங்கேயே வைப்பம். ஆனா வளையல் போட நம்ம பக்கம் ஒரு பொம்பிளை இல்லை."

"மாமிய நான் கூப்பிடுறேன்பா. உங்க தங்கச்சிதானே, வருவாங்க. அவர் வீட்டு ஆளுங்களும் இருக்காங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்ங்க."

என்ன என்றேன்.

"அன்னைக்கு மட்டும் யாரோடயும் எதுவும் பேசாதீங்க."

சரி என்றேன்.