சத்தம் குறையாத கால்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு, மாமா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். ஏணி மேல் நிற்கும்போதே, "இது சரியில்லை, நான் விழப்போகிறேன், கால் போகப்போகிறது" என்று முன்னூறு பேர் கேட்க மைக்கில் அறிவித்துவிட்டுத்தான் விழுந்தேன். காலமெல்லாம் ஸ்பீக்கர் கட்டினவன் கணிப்பு தப்புமா?

எலும்பு கூடிவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் எழுந்து நின்று, இவ்வளவு அழகான எலும்பைப் பார்த்ததே இல்லை என்றார். ஆனால் கால் எரிகிறது. போர்வை நுனி பட்டால் நெருப்பை வைத்தது போல இருக்கிறது. காற்று பட்டாலும் அப்படியே. அதனால் மூன்றாவது மாடியில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கட்டிலோடு கிடக்கிறேன். உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, "எலும்புதான் ஒட்டிடுச்சே மச்சான், இன்னும் எதுக்கு இந்த டிராமா?" என்கிறார். உன் அத்தையும் சிரிக்கிறாள். நான் கதை அளக்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டேனா, வலியும் அதில் சேர்ந்துவிட்டது.

நீ டாக்டர், இது நிஜம்தானா என்று நாலு வரி எழுது. போனில் சொல்லாதே. இவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஆசிகளுடன்,
மாமா

மார்ச் 19

பிரியமுள்ள மாமாவுக்கு,

வலி நிஜம். அப்பாவுக்கு இதை உரக்கப் படியுங்கள்.

காலில் கிளம்பும் சேதி நேரே மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தில் கைமாறித்தான் மேலே போகிறது. கைமாற்றுவது ரசாயனத் தூதர்கள். சிலர் சத்தத்தைக் கூட்டுவார்கள், சிலர் "போதும், அடங்கு" என்று குறைப்பார்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் திருகுவீர்களே, அந்த மாதிரி. நரம்பு அடிபட்டால் சில பேருக்குக் கூட்டுகிறவர்கள் கை ஓங்கி, குறைக்கிறவர்கள் ஓய்ந்துவிடுவார்கள். அப்புறம் போர்வை உரசினாலும் தீ என்றுதான் சேதி போகும். எக்ஸ்ரேயில் இது தெரியாது.

உங்கள் டாக்டர் என்னோடு படித்தவர். குறைக்கிறவர்களுக்குத் தெம்பு தரும் மாத்திரை ஒன்றைத் தரச் சொல்லியிருக்கிறேன். எல்லாருக்கும் பலன் தராது. தராவிட்டால் முதுகில் ஊசி போட்டுப் பார்க்கலாம், அதற்கும் உங்கள் பெயரை எழுதி வைத்தாகிவிட்டது. அதனால் மாமா, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் கைச்சரக்கு எதுவும் வேண்டாம்.

உங்கள் செல்ல
மருமகள்

ஏப்ரல் 16

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை உன் அப்பாவுக்கு இரண்டு தடவை படித்தேன். முகம் தொங்கிப்போனது, நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் விடுவாரா? "சரி மச்சான், என் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப அவ மாத்திரைல குணமாயிடணும்ல? ஆகலைன்னா டிராமாதான்" என்றார்.

ஆகாமல் போகுமா? உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், கேள். மாத்திரை தொண்டையைத் தாண்டும்போதே தூதர்கள் அங்கே சல்யூட் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. போன வாரம் உன் அத்தை வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாடிப்படி இறங்கி, தெருமுனை டீக்கடை வரை நடந்து, நின்றபடியே டீ குடித்துவிட்டு வந்தேன். கடைக்காரர் என் நடையைப் பார்த்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

உன்னைப் போல டாக்டர் உண்டா!

மாமா

ஏப்ரல் 27

பிரியமுள்ள மாமாவுக்கு,

படித்துவிட்டு அழுதுவிட்டேன். உங்கள் டாக்டரிடமும் உடனே சொன்னேன். அப்படியானால் ஊசி தேவையில்லை என்று உங்கள் பெயரை எடுத்துவிட்டார். இதே மாத்திரை, இதே அளவு தொடரட்டும் என்றார். "நான்தான் தப்பா நெனச்சுட்டேன்மா" என்று அப்பாவே போனில் சொன்னார். இனி உங்கள் வலியை யாரும் நடிப்பு என்று சொல்ல மாட்டார்கள் மாமா.

மருமகள்

மே 9

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தை ரொம்ப சந்தோஷம். "அதான் சரியாயிடுச்சே" என்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். போர்வையை அவளே கால் வரை இழுத்து மூடி, "இப்ப நல்லா இருக்குல்லங்க?" என்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அவள் பார்க்கக் குளியலறை வரை நடந்து காட்டுகிறேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுகிறேன்.

நேற்று உன் அப்பா தெருவிலிருந்து கூப்பிட்டார். "மச்சான், இறங்கி வாங்க, டீ குடிக்கலாம்!" நான் கட்டிலில் மூச்சுக் காட்டாமல் கிடந்தேன். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பாரு, எனக்கு முந்தியே கிளம்பிப் போயிட்டாரு மனுஷன்!" என்று சிரித்துக்கொண்டே கடைப்பக்கம் நடந்தார். எரியுது என்று நான் கத்தினபோது ஒருத்தரும் நம்பவில்லை. நடந்தேன் என்று சொன்னதும் வீடே நம்பிவிட்டது. இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வேன்? மறுபடி ஆரம்பிச்சுட்டார் என்பார்கள்.

உன் மாத்திரை தோற்றுவிட்டது என்று எழுதக் கை வரவில்லை. தோற்றால் நீ சொன்னதும் பொய், என் வலியும் பொய் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன்.

டாக்டரிடம் சொல்லி, அந்த ஊசிக்கு என் பெயரை மறுபடி எழுத வை. அவர் உன்னைத் திட்டினால் என்னைக் கைகாட்டு. நான் எழுதுகிறதில் முன்னே பின்னே இருக்கும், உனக்கே தெரியும். ஆனால் டீக்கடைக்குப் போனது முழுக்க நான் கட்டின கதை. படியில் காலையே வைக்கவில்லை அம்மா.

மாமா