பஸ்ஸின் பின்பக்கத்தில் உன் முகம்

என் கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நீ நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. உன் தங்கை வாலு பிளஸ் டூ பாஸானதிலிருந்து வீடு தலைகீழாகக் கிடக்கிறது, கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்தான் படிப்பேன் என்கிறாள், இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற பழைய அரசுக் கல்லூரி, சுவரில் காரை பெயர்ந்து கிடக்கிறது, ஆனால் நாங்கள் போனபோது லேபில் ஏதோ புரோகிராம் ஓடவில்லை என்று பிள்ளைகள் ஒரே திரையின் முன் முட்டிமோதிக்கொண்டு நின்றார்கள், எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று நீ படித்த கல்லூரி. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் வெளிநாட்டில் வேலை வாங்கிய மாணவன் என்று ஆள் உயரத்துக்கு உன் படம். லேபைக் காட்டுங்கள் என்றால் சாவி வைத்திருப்பவர் வரவில்லை என்றார்கள். அப்பா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை, உன் படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அண்ணன் படிச்ச இடம் இருக்கும்போது வேற யோசனை எதுக்கு என்கிறார். நானும் அண்ணா மாதிரி வெளிநாடு போயிடுவேன் என்று இவள் குதிக்கிறாள்.

உனக்குத் தெரியுமோ என்னவோ, அந்தக் கல்லூரி பஸ்ஸின் பின்பக்கத்திலும் இந்த வருஷம் உன் முகம்தான். நான் தைக்கிற கடை சிக்னல் முனையில்தானே இருக்கிறது, காலையில் சிவப்பு விழுந்தால் நீ என் மிஷினுக்கு நேரெதிரே வந்து நிற்கிறாய், நான் தைத்த நீலச் சட்டை, வாயெல்லாம் சிரிப்பு. முதலில் கடையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது அந்த பஸ் வந்தாலே குனிந்துகொள்கிறேன். உன் அறையில் கூட இருக்கிற சோடாபுட்டி லீவில் வந்தவன் பேண்ட் சுருக்கக் கொடுக்கக் கடைக்கு வந்தான். வேலை போனதிலிருந்து அவன் சரியாவே சாப்பிடறதில்லம்மா, நீங்களாவது சொல்லுங்க என்றான். எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டான் பாவம், என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான், அவனைத் திட்டாதே. நெட் சரியில்லை என்று நீ வீடியோவை ஏன் அணைத்தே வைக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபமில்லை கண்ணு.

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் இதை எழுதி சோடாபுட்டி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. மாதக் கடைசிக்குள் எங்கே சேர்வது என்று முடிவு செய்தாக வேண்டும். வாலு கல்லூரியைப் பார்த்து அல்ல, உன் முகத்தைப் பார்த்துச் சேரப் போகிறாள். அந்த லேப் உன் காலத்திலாவது திறந்திருந்ததா என்று நீயே அவளிடம் சொல், வேலை போனதையும் சொல், நான் சொன்னால் உனக்கு என்னம்மா தெரியும் என்பாள். அப்பா இடிந்துபோவார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருப்பாய், என் ஆசி உன்னை விட்டு எங்கேயும் போகாது. வேளைக்குச் சாப்பிடு. முடியவில்லை என்றால் புறப்பட்டு வந்துவிடு, உன் கட்டிலில் துணிதான் குவிந்திருக்கிறது, எடுத்துவிடுகிறேன். இரண்டு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். நீ இளைத்துவிட்டாய் என்று சோடாபுட்டி சொன்னான், எவ்வளவு என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, பஸ்ஸில் இருக்கிற பிள்ளையின் அளவுக்கே தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்து எவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது என்று மட்டும் மறைக்காமல் சொல்.

உன் அம்மா