அலசிய குடுவை

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன், சத்தியமாக.

நேற்று ஆய்வகத்தில் நம் வீட்டுப் பழக்கத்தால் மாட்டிக்கொண்டேன். எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் ஒரு தரம் அலசுவோமே, அப்படியே சோதனைக்காகக் காயவைத்திருந்த குடுவையையும் தண்ணீரில் அலசிவிட்டேன். ஈரமில்லாத கரைப்பானில் மின்சாரம் பாய்ச்சினால் அதில் கரைந்துள்ள வினைல் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மின்முனைக் கம்பியில் பிளாஸ்டிக்காகப் படியும். தண்ணீர் கலந்தால் அதிலிருந்து ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு தனித்தனியே நின்றுவிடும். கம்பி மொட்டையாக வந்தது.

"இது என்ன, உங்க வீட்டு டம்ளராம்மா?" என்றார் பேராசிரியர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாளை குடுவையை ஓவனில் காயவைத்து மறுபடி செய்வேன்; படிய வைக்காமல் விடமாட்டேன்.

பேருந்து வருகிறது, முடிக்கிறேன். குளிருக்குப் போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. அதை மட்டும் துவைத்துவிடாதே.

உன் மகள்